எக்ஸ் வரும் மூன்று சொற்கள்

யுத்த காலத்தில் தூத்துக்குடித் துறைமுகத்துக் கம்பெனி ஒன்றில் குமாஸ்தா வேலைக்கு ஆள் எடுத்தார்கள். அங்கேயே பத்து வருடமாக நான் சரக்குப் பெட்டிகளின் மேல் எழுத்து வெட்டிய தகரத் தகடு வைத்து, மையால் ஆங்கில எழுத்துகளை அடித்து வந்தேன். குமாஸ்தா ஆகிவிட்டால் வெயிலில் நிற்க வேண்டாம்.

மானேஜர் ஓர் எழுத்தைச் சொல்வார். அது வருகிற மூன்று ஆங்கிலச் சொற்களைப் பொருளோடு சொல்ல வேண்டும். வரிசையில் நின்றபடி சட்டைப் பொத்தானைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தேன்.

எனக்கு எக்ஸ் வந்தது.

“பாக்ஸ், பெட்டி. டாக்ஸ், வரி.”

மூன்றாவதாக, தினமும் மை பூசும் எக்ஸ்போர்ட் வாயில் வந்துவிட்டது. அதன் பொருளை யாரிடமும் கேட்டதில்லை. கேட்கக் கூச்சம்.

“பெட்டி மேல போடுதது, ஐயா.”

பக்கத்தில் இருந்த தலைமைக் குமாஸ்தா சிரித்துவிட்டார். “பத்து வருசமா அடிக்கீரு, அர்த்தம் தெரியலியா வே? வெளிநாட்டுக்கு அனுப்புதது!”

மானேஜர் அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார்.

வாசலில் அந்த ஆள் என் கையைப் பிடித்தார். “அண்ணாச்சி, என்ன எழுத்து கேக்காரு?”

“எக்ஸ். எக்ஸ்போர்ட்னா வெளிநாட்டுக்கு அனுப்புதது” என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, தலை நிமிராமல் நடந்தேன்.