அத்தையின் கோழிப் பகை

எங்கள் வீட்டு முற்றத்துக்குள் கோழி வந்தால் அத்தை கையில் கிடைத்ததை எடுத்து எறிவாள். கல், சிரட்டை, விளக்குமாறு, எதுவானாலும் சரி. ஒருமுறை எறிந்த சிரட்டை கோழிமேல் படாமல் அப்பாவின் முதுகில் பட்டது. அப்பா முதுகைத் தடவிக்கொண்டு நகர்ந்துவிட்டார். கோழி விஷயத்தில் அத்தையிடம் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை.

காரணம் அப்பாவின் இடது கண். அது காய்ந்த மொச்சை போலச் சிறுத்து உள்ளே ஒடுங்கிக் கிடக்கும். அப்பா தொட்டில் பிள்ளையாக இருந்தபோது, பருத்தி எடுக்கப் போனவர்கள் அவருடைய அக்காவை, அதாவது அத்தையைக் காவல் வைத்துவிட்டுப் போனார்களாம். அத்தையே அப்போது சிறுபிள்ளை. தெருவில் தட்டாங்கல் ஆடப் போய்விட்டாள். திரும்பி வந்தால் தொட்டிலடியில் ஒரு கோழி நின்றது. கொஞ்ச நாளில் பிள்ளைக்குக் கண் கெட்டது. கோழி கொத்தியதைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. ஆனாலும் அத்தை காவலை விட்டதால்தான் கோழி கொத்தியது என்று ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

நான் நாலாம் வகுப்புப் படிக்கையில் என் தங்கைக்கு இரண்டு வயது நிரம்பவில்லை. விளக்கு வைத்த நேரத்தில் அவள் தத்தி நடந்து வந்தால் ஒரு கண் மட்டும் பூனைக்கண் போலப் பளிச்சென்று மின்னும். எங்களுக்கு அது பெருமையாக இருந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டி வந்து காட்டுவேன். பிறகு அந்தக் கண் ஓரமாகத் திரும்பிக்கொண்டது. கோவில்பட்டி டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, நாளைக்கே மதுரைக்குக் கொண்டுபோங்கள் என்றார்.

அன்றைக்கே வீட்டில் விசாரணை தொடங்கிவிட்டது. அம்மா தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தவள். அந்த மருந்து நெடிதான் வயிற்றுப் பிள்ளையின் கண்ணில் இறங்கிவிட்டது என்றாள் எதிர்வீட்டுக்காரி. அத்தை வேறு காரணம் வைத்திருந்தாள்.

"கெரகணத்தன்னைக்கு அருவாமணையில உக்காராதட்டின்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். கேட்டியா? கத்திரிக்காய அரிஞ்சே. இப்பம் பிள்ள கண்ண அரிஞ்சுட்டு."

அம்மா துணிகளைப் பையில் அடுக்கினாள். அந்தக் கத்திரிக்காய்க் குழம்பை ருசித்துச் சாப்பிட்டவர்களில் அத்தையும் உண்டு.

மதுரைக்கு ரயிலில் எல்லோருமாகப் போனோம். டாக்டரம்மா தங்கையை மயக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு வந்து, கண்ணுக்குள் புற்றுக் கட்டி இருக்கிறது என்றார். அந்தக் கண்ணை எடுத்துவிட வேண்டும்; விட்டால் நரம்பு வழியாக மூளைக்குப் போய்விடும், பிள்ளை பிழைக்காது. மற்றக் கண் சுத்தமாக இருக்கிறதாம்.

"பொட்டப்பிள்ளைக்குக் கண்ண எடுத்துட்டா எவன் கெட்டுவான்?" என்றாள் அத்தை.

"மொதல்ல பிள்ள இருக்கட்டும் மைனி. கெட்டுதவன் பொறவு வரட்டும்" என்றாள் அம்மா. அவள் அத்தையை எதிர்த்துப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அப்பா கைநாட்டு வைத்தார்.

அப்புறம் டாக்டரம்மா அப்பாவின் கண்ணைக் காட்டி, "இது எப்படி?" என்று கேட்டார்.

"சின்னப்பிள்ளையில கோழி கொத்திட்டு" என்றார் அப்பா. அத்தை தரையைப் பார்த்தாள்.

டாக்டரம்மா விடவில்லை. எங்கள் எல்லோர் கண்ணிலும் சொட்டு மருந்து விட்டு, இருட்டறையில் உட்கார வைத்து வெளிச்சம் அடித்துப் பார்த்தார். என் கண்ணில் குறையில்லை. அப்பாவைத்தான் வெகுநேரம் பார்த்தார்.

"கோழி கொத்தலைங்க. வெளிய காயத் தழும்பே இல்லை. பொண்ணுக்கு வந்த அதே கட்டிதான் உங்களுக்கும் வந்திருக்கு. அபூர்வமா அது தானா வத்திப் போகும், கண்ணும் சுருங்கிடும். உங்க நல்ல கண்ணுலயும் பின்பக்கம் அதோட பழைய வடு இருக்கு. அங்க எந்தக் கோழியும் கொத்த முடியாது."

"அப்பம் எங்கிட்ட இருந்துதான் பிள்ளைக்கு வந்துச்சா?" என்றார் அப்பா. கிரகணத்தையும் தீப்பெட்டி மருந்தையும் அம்மா கேட்டாள்.

"நீங்க தெரிஞ்சா கொடுத்தீங்க? இது கருவிலேயே வர்றது. நிறையப் பேருக்குக் குடும்பத்துல யாருக்கும் இல்லாமலும் வரும். கிரகணத்தாலயும் இல்லை, தீப்பெட்டி மருந்தாலயும் இல்லை. யாரும் எதுவும் செய்யலை. இனிமே இந்த வீட்டுல பிறக்கிற பிள்ளைகளைப் பிறந்த உடனே காட்டுங்க. சீக்கிரம் பார்த்தா கண்ணையே காப்பாத்தலாம்."

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் அத்தையை நன்றாகக் கேட்டிருக்கலாம். அதற்குள் அத்தை, "கோழி கொத்தலியா?" என்றாள். பிறகு அப்பாவிடம், "ஏலே, கொத்தலியாம்லா?" என்றாள். மறுபடியும் டாக்டரம்மாவிடமே திரும்பினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா என் தொடையில் கிள்ளினாள்.

"இன்னொருக்கச் சொல்லுங்கம்மா, மைனி கேக்காவ" என்றாள்.

டாக்டரம்மா இன்னொரு முறை சொன்னார். சொட்டு மருந்தில் எனக்கு எல்லாம் மங்கலாகத் தெரிந்தது. அத்தை முந்தானையை முகத்தில் வைத்ததைப் பார்த்து, அவளுக்கும் மருந்து எரிகிறது போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

தங்கை பிழைத்தாள். பிழைத்தாள் என்றால், வீட்டையே ஆட்டி வைக்கும் அளவுக்குப் பிழைத்தாள். செயற்கைக் கண்ணோடு என்னைவிட அதிகம் படித்தாள். கட்டிக்கொள்கிறவனும் வந்தான். அவளுக்கு மகன் பிறந்ததும் நேராக மதுரைக்குத்தான் தூக்கிப் போனோம். கண்ணில் கடுகளவில் கட்டி இருந்தது. ஒளிக்கதிரால் சுட்டுவிட்டார்கள். இன்று அவன் இரண்டு கண்ணாலும் பார்த்து லாரி ஓட்டுகிறான்.

அன்று தங்கையின் ஆபரேஷன் முடிந்து நாங்கள் ஊருக்குத் திரும்பிய மறுநாள், எதிர்வீட்டுக் கோழி குஞ்சுகளோடு முற்றத்துக்குள் வந்தது. நான் அத்தையைப் பார்த்தேன். பக்கத்திலேயே கல் கிடந்தது. அவள் எடுக்கவில்லை. உள்ளே போய் ஒரு கை கம்பு அள்ளி வந்து, "தின்னு, தாயி" என்று இறைத்துவிட்டுப் பக்கத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்துகொண்டாள்.

கண் போனது தங்கைக்கு, காரணம் சொன்னது அப்பாவுக்கு. இதில் கோழிக்கு எதற்குக் கம்பு என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.