பல் தெரியச் சிரித்த சனிக்கிழமை

இந்தக் கையெழுத்தை வாசிக்கப் போகிறவர் முதலில் என்னை மன்னிக்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இருந்த உறவு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு என் கை பிடித்தது மண்வெட்டி, கூட்டுகிற தும்புத்தடி, இயந்திரத்தின் கைப்பிடி. பேனா பிடித்தால் எழுத்துகள் மழைக்கு ஒதுங்கிய ஆடுகள் மாதிரி ஒரு பக்கமாகச் சரிகின்றன. எழுத்துப் பிழைகளை நீங்களே திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள். நேரில் சொல்லலாம்தான். ஆனால் நாலு பேர் முன்னால் எனக்கு நாக்கு எழும்பாது.

மகள் சுதாவுக்குத் தை மாதம் கலியாணம். இப்போதெல்லாம் மண்டபத்தில் பெரிய திரை கட்டி, பெண்ணும் மாப்பிள்ளையும் தவழ்ந்த படத்திலிருந்து தாய் தகப்பனின் பழைய படம் வரைக்கும் ஓட விடுகிறார்கள். பெரிய திரை என்றாலே எனக்கு ஆகாது. ஏன் என்று அவளுக்குத் தெரியாது. நேற்று பேஸ்மென்டில் பெட்டிகளைக் கிளறிக்கொண்டிருந்தவள் ஒரு கட்டுப் படத்தோடு மேலே வந்தாள்.

“அப்பா, உங்கட படமெல்லாம் பொலிஸ் தேடுற ஆளின்ர படம் மாதிரிக் கிடக்கு. ஒண்டிலயாவது சிரிக்கேல்லையே?”

அவளுடைய மற்றக் கையில் என்னுடைய பழைய காலுறை. அதற்குள்ளிருந்து ஒரு பந்தை எடுத்தாள். வெள்ளைத் தோல், சிவப்பு நூல் தையல். மூக்கருகில் வைத்துப் பார்த்தாள்.

“இதென்ன, பேஸ்போலில அரிசி மணக்குது?”

“பிறகு சொல்லுறன்” என்றேன். அந்தப் பிறகுதான் இது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் ஸ்காபரோவில் ஒரு தொடர்மாடி அறையில் இருந்தேன். வேலை நகரத்தின் மறு முனையில், ரெக்ஸ்டேலில். ஐஸ்கிறீம் டப்பாக்களுக்கு மூடி அடிக்கும் தொழிற்சாலை. காலையில் ஒரு பேருந்து, பிறகு சப்வேயில் கெனடி நிலையத்தில் ஏறி மறு கோடியான கிப்ளிங் வரைக்கும், அங்கிருந்து வடக்கே இன்னொரு பேருந்து. மனைவி மலரும் சின்னப் பிள்ளையாய் இருந்த சுதாவும் கொழும்பில் ஒரு லொட்ஜில். என் அகதி வழக்கு வென்றால்தான் அவர்களைக் கூப்பிடலாம். தோற்றால் நானும் திரும்பிப் போகவேண்டும். அந்த வருடங்களில் நான் நினைத்ததெல்லாம் இந்த ஒன்றைத்தான்.

பயம் என்றால் எப்படிப்பட்ட பயம் என்று கேட்கிறீர்களா? தபால் பெட்டியைத் திறக்கப் பயம். தொலைபேசி அடித்தால் பயம். பேருந்துச் சாரதி தொப்பி போட்டிருந்தால் பயம், சீருடைதானே. ஒருமுறை சப்வேயில் நீல உடுப்போடு ஒருவர் என் பக்கமாக வந்தார். அடுத்த நிலையத்தில் இறங்கிவிட்டேன். அவர் பூக்கடைக்காரர் என்பது, கதவு மூடிய பிறகு அவர் கையிலிருந்த பூங்கொத்தைப் பார்த்தபோதுதான் விளங்கியது.

பேஸ்போல் எனக்குள் வந்தது டோனியால். டோனி போர்த்துக்கல்காரர், என் பக்கத்து இயந்திரம். அவர் ரேடியோவில் ஆட்டம் போகும். அவருக்கும் ஆங்கிலம் அரைகுறை, எனக்கு அதுவுமில்லை. ஆனாலும் அவர் ஒரு மூடியைப் பந்தாகவும் தும்புத்தடியை மட்டையாகவும் வைத்து எனக்கு முழு விளையாட்டையும் சொல்லித் தந்துவிட்டார். எனக்கு மிகவும் பிடித்தவர் வலது பக்க மூலையில், தூரத்தில் நிற்கும் ஆட்டக்காரர். நெடுநேரம் ஒன்றும் நடக்காது. ஒருவரும் அவரோடு கதைக்கமாட்டார்கள். பந்து வரலாம், வராமலும் போகலாம். அவர் அதற்காகவே நிற்பார். அந்த மனிதரின் நிலை எனக்கு நன்றாக விளங்கியது.

பிறகு நானும் ஒரு சின்ன ரேடியோ வாங்கிக் காதில் மாட்டிக்கொண்டேன். சுரங்கத்துக்குள் ரயில் புகுந்தால் ரேடியோ செத்துவிடும். டொன் பள்ளத்தாக்குப் பாலத்தில் ரயில் வெளியே வரும்போது அதுவும் கொஞ்ச நேரம் உயிர் பெறும். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் யார் ஓடினார், யார் விழுந்தார் என்று கேட்டுவிட வேண்டும். சன்னலோரம் நெற்றியை ஒட்டிக்கொண்டு நான் காத்திருந்ததைப் பார்த்தவர்கள் நதியை ரசிக்கிற ஆள் என்று நினைத்திருப்பார்கள். இருக்கையில் யாரோ விட்டுப் போன பேப்பரில் முதல்நாள் ஆட்டத்தின் கணக்கு இருக்கும். ஆங்கில எழுத்து வாசிக்கத் தெரியாவிட்டாலும் இலக்கம் எல்லோருக்கும் ஒன்றுதானே.

எங்கள் அறையில் தவம் அண்ணை என்றொருவர் இருந்தார். தன்னுடைய வழக்கை வென்ற நாளிலிருந்து மற்ற எல்லோருடைய வழக்கையும் அவரே நடத்தத் தொடங்கிவிட்டார். சட்டத்தரணி சொன்னதை மறந்தாலும் தவம் அண்ணை சொன்னதை மறக்கமாட்டோம். கேசுக்குப் போகிறவன் புதுச் சேட்டு போடப்படாது. எண்ணெய் வைத்துத் தலை இழுக்கப்படாது. மணிக்கூடு கட்டப்படாது. எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று.

“சிரிக்கப்படாது, தம்பி. உயிருக்குப் பயந்து வந்தனெண்டு சொல்லிப்போட்டுச் சிரிச்சுக்கொண்டு திரிஞ்சா அவன் என்ன நினைப்பான்? நீர் கேக் திங்க வந்தனீரெண்டு நினைப்பான்.”

நாங்கள் வீதியிலும் சிரிக்காமல் பழகினோம். ஊருக்கு அனுப்ப எடுத்த படங்களிலும் அப்படித்தான். சுதாவின் கையிலிருந்த கட்டு அதுதான்.

எனக்கு விசாரணைத் திகதி வந்தது. அந்தக் கிழமையே டோனி, மருமகனால் வர முடியவில்லை, சனிக்கிழமை ஆட்டத்துக்கு ஒரு டிக்கெட் மிச்சம் என்றார். நகரத்து அணி கிண்ணம் வென்றுகொண்டிருந்த காலம். டிக்கெட் கிடைப்பது லேசில்லை. போகப்படாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். போனேன்.

வாசலில் சீருடைக்காரர் என் ஜாக்கெட்டைத் தடவினார். உள்ளே ரொட்டியும் கட்டைச் சம்பலும். அவர் பொதியை விரித்து மணந்து பார்த்தார். டோனி தன் வயிற்றைத் தட்டிக் காட்டினார். காவலர் சிரித்துக்கொண்டு உள்ளே விட்டார். இப்போதும் எங்காவது கடுகுக் களியும் சுட்ட வெங்காயமும் மணந்தால் எனக்கு அந்தப் படிக்கட்டுதான் ஞாபகம் வரும். ஏறி முடித்ததும் பச்சை. அவ்வளவு பச்சையை நான் வந்த நாளிலிருந்து கண்டதில்லை. அது உண்மைப் புல் இல்லை என்று டோனி சொன்னார். நான் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

பேஸ்போலில் மட்டையில் தவறிப்பட்ட பந்து சனத்துக்குள் பறந்து வருவதுண்டு. பிடித்தவருக்கே அது சொந்தம். பாதி ஆட்டத்தில் அப்படி ஒன்று கிளம்பியது. எல்லோரும் எழுந்து கைகளை நீட்டினார்கள். நான் குனிந்து தலையை மறைக்கக் கையைத் தூக்கினேன். வானத்திலிருந்து எது வந்தாலும் அப்படிச் செய்துதான் எனக்குப் பழக்கம். பயத்தில் குவிந்த அந்தக் கைகளுக்குள் பந்து வந்து விழுந்தது.

கை எரிந்தது. சுற்றியிருந்த சனம் முழுக்க என் முதுகில் தட்டியது. நான் பந்தைப் பார்த்தேன், டோனியைப் பார்த்தேன், பிறகு சிரித்தேன். எப்படி வந்ததென்று தெரியாது. வருடக்கணக்காக அடைத்து வைத்தது ஒரேயடியாக வந்தது. டோனி மைதானத்துக்கு மேலே இருந்த பெரிய திரையை நோக்கிக் கையைக் காட்டி என் பெயரைச் சொல்லிக் கத்தினார். நான் திரும்புவதற்குள் அதில் வேறு யாரோ ஒரு குழந்தை.

வீட்டுக்கு வந்தேன். தவம் அண்ணை தனியாக ரீவிக்கு முன்னால் இருந்தார். மற்றவர்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

“எங்கை போட்டு வாறீர்?”

“சும்மா, கடைப் பக்கம்.”

“கடையில பந்து விக்கிறாங்களோ? உம்மை ரீவியில கண்டனான் ஐசே. பல்லெல்லாம் தெரிய நிண்டீர்.”

“கன நேரமோ அண்ணை?”

“ரண்டாந்தரமும் காட்டினவங்கள். மெதுவா.”

அவர் பகிடி விடவில்லை. முகம் வெளிறியிருந்தது. “அடுத்த கிழமை கேஸ். உம்மை விசாரிக்கிற ஆளும் சனிக்கிழமையில வீட்டில இருந்து உதைத்தானே பாக்கும்” என்றார். நான் நிலத்தில் இருந்துவிட்டேன். லொட்ஜின் இருட்டுப் படிக்கட்டும் மலரின் கையைப் பிடித்தபடி நிற்கும் சுதாவும் கண்ணுக்குள் வந்தார்கள். ஒரு சிரிப்பில் எல்லாவற்றையும் தொலைத்துவிட்டேன் என்றே நம்பினேன். நீங்கள் இதை வாசித்து முறுவலிக்கலாம். அன்றைக்கு எனக்கு அது அப்படியில்லை.

பந்தை அரிசி வாளிக்குள் புதைத்தேன். மறுநாள் சமையல் தவம் அண்ணையின் முறை. பேணியால் அள்ளும்போது டொக்கென்று தட்டியது.

“அரிசிக்குள்ள என்னத்தையப்பா அடைகாக்க விட்டிருக்கிறீர்?”

“அண்ணை, அதை எறியாதேங்கோ.”

“எறிஞ்சா என்ன, படம் எல்லா வீட்டுக்கும் போட்டுது.” பந்தை அரிசிக்குள்ளேயே திரும்ப வைத்தார். “நான் உம்மட இடத்தில எண்டா அந்த மீசையை எடுப்பன். மீசையில்லாட்டி ஆரெண்டு மட்டுக்கட்டேலாது.”

எடுத்தேன். பதினெட்டு வயதிலிருந்து இருந்த மீசை. அந்தக் கிழமை முழுதும் சப்வேயில் காதில் ரேடியோ இல்லாமல் போனேன். யாராவது விட்டுப்போன பேப்பரைக் கண்டால், என் படம் இருக்குமோ என்று கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். தொழிற்சாலையில் எல்லோரும் கை தட்டினார்கள். நான் கழிவறைக்குள் போய் நின்றேன். மலர் தொலைபேசியில், “ஏன் குரல் ஒரு மாதிரிக் கிடக்கு?” என்றாள். “தடிமன்” என்றேன்.

விசாரணை அறையில் நரைத்த தலையோடு ஒரு பெண்மணியும் பக்கத்தில் இன்னொரு அதிகாரியும் இருந்தார்கள். பெண்மணிதான் விசாரித்தார். கோப்பைத் திறந்தார். நான் வந்திறங்கிய நாளில் எடுத்த படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திரும்பவும் படத்தை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் படத்தில் மீசை இருந்தது. எனக்கும் தவம் அண்ணைக்கும் இது ஏன் தோன்றவில்லை என்று இன்றைக்கும் தெரியாது.

மொழிபெயர்ப்பாளர் என் பக்கம் குனிந்தார். “படத்தில இருக்கிறது நீங்கள்தானோ எண்டு கேக்கிறா. மீசையை ஏன் எடுத்தனீங்களாம்?”

பொய் சொல்ல ஆயத்தம் செய்திருக்கவில்லை. உள்ளதைச் சொன்னேன். பந்து பிடித்தது, சிரித்தது, ரீவியில் வந்தது, விசாரிக்கிறவர் பார்த்திருப்பார் என்று பயந்து மீசையை வழித்தது.

மொழிபெயர்ப்பாளர் கொஞ்சம் தயங்கினார். “உதை அப்பிடியே சொல்லட்டோ?”

“சொல்லுங்கோ.”

என் சட்டத்தரணி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அந்தப் பெண்மணி சிரிக்கவில்லை. சிரித்தால் என்ன நடக்கும் என்று நினைத்தீர்கள் என்று மட்டும் கேட்டார்.

அப்போது நான் என் தம்பியைப் பற்றிச் சொன்னேன். சோதனைச் சாவடியில் அவனைப் பிடித்துக்கொண்டு போனது கோப்பில் இருந்தது. ஏன் என்பது இருக்கவில்லை. அது யாருடைய சாவடி என்று இங்கே எழுதாமல் விடுகிறேன். எல்லோரையும் பேருந்திலிருந்து இறக்கி வரிசையில் விட்டிருந்தார்கள். பயம் வந்தால் தம்பிக்குச் சிரிப்பு வரும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். வாத்தியாரிடம் அதற்காகவே அடி வாங்குவான். துவக்கோடு நின்றவன், “என்னடா சிரிப்பு?” என்றான். தம்பியை மட்டும் ஒரு பக்கமாகக் கூட்டிக்கொண்டு போனார்கள். நான் பின்னால் நின்றேன். அவன் அப்போதும் சிரித்துக்கொண்டுதான் போனான். பிறகு அவனைக் காணவில்லை. ஒரு சிரிப்புக்காக ஒரு மனிதன் போனான் என்றால் யார் நம்புவார்கள் என்று நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. மலருக்கும் சொன்னதில்லை.

மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடித்தார். அந்தப் பெண்மணி பக்கத்தில் இருந்தவரோடு மெதுவாகக் கதைத்தார். பிறகு என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். எனக்கு விளங்கவில்லை. மொழிபெயர்ப்பாளரின் கை என் தோளில் வந்து விழுந்ததும் நான் தலையை மறைத்துக்கொண்டேன்.

“ஓம் எண்டிட்டா, அண்ணை. பெண்சாதி, பிள்ளையைக் கூப்பிடலாம்.”

தவம் அண்ணை கதவடியிலேயே நின்றார். செய்தியைக் கேட்டுவிட்டு, “நான் மீசை சொன்னது பகிடிக்கு, நீர் உண்மையா வழிப்பீரெண்டு ஆர் கண்டது?” என்றார். பிறகு பந்தை அரிசியிலிருந்து எடுத்துச் சாரத்தில் துடைத்துத் தந்தார்.

மலரும் சுதாவும் வந்தார்கள். மீசையும் திரும்ப வந்துவிட்டது, கொஞ்சம் நரைத்து. மூடித் தொழிற்சாலை இருந்த இடத்தில் இப்போது தளபாடக் கடை. டோனி போர்த்துக்கல் பக்கம் தான் பிறந்த தீவுக்கே போய்விட்டார் என்று கேள்வி. அறையிலிருந்தவர்கள் விட்பி, மில்லிக்கன் என்று வீடு வாங்கிப் பிரிந்துபோனார்கள். அந்தக் காது ரேடியோ எங்கே தொலைந்ததென்று தெரியாது. தபால் பெட்டியை மட்டும் இன்றைக்கும் மலர்தான் திறக்கிறாள்.

சுதா, நீ கேட்ட படம் ஒன்று இருந்தது. எல்லா வீட்டுக்கும் போனது, இரண்டாவது தரம் மெதுவாகவும் போனது. அது அழிந்துபோக வேண்டுமென்று நான் ஒரு கிழமை முழுக்கக் கும்பிட்டேன், அழிந்துவிட்டது. ஒருவரும் பதிந்து வைக்கவில்லை. என் முகத்தை நானும் பார்க்கவில்லை. என் தம்பியின் சிரிப்பும் என் சிரிப்பும் ஒரே மாதிரி என்று என் அம்மா சொல்லுவா. அவனுக்கும் படம் இல்லை. பார்த்தவர் தவம் அண்ணை. எப்படியிருந்தது என்று அவரிடம் ஒருநாள் கேட்க நினைத்து, வெட்கத்தில் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். போன மாரியில் அவரையும் எரித்துவிட்டு வந்தோம்.

திரையில் வேண்டுமென்றால் பந்தைப் படம் பிடித்துப் போடு.

2012 ஐப்பசி 14, ஞாயிற்றுக்கிழமை.