கிண்டிங்கில் நிற்காத ரயில்

விடுமுறை நாளில் ஜெர்மனியில் எங்கே போகலாம் என்று கேட்டால் ஆளுக்கொரு கோட்டையைச் சொல்வார்கள். நான் ஒரு ரயில் நிலையத்தைப் பார்க்கப் போனேன். அதிலும் நான் பார்க்க விரும்பிய ரயில்கள் அங்கே நிற்பதே இல்லை. சக ஆராய்ச்சியாளர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். திருச்சியில் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவளுக்கு இந்தப் பைத்தியம் தெளியாது என்று அவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது?

ஞாயிறு காலை எட்டு மணிக்குக் கார்ஹிங்கில் யூ-பான் என்னும் நகரச் சுரங்க ரயில் பிடித்து மியூனிக் மத்திய நிலையம், அங்கிருந்து நூர்ன்பேர்க் போகும் வட்டார ரயில், ஒன்றேகால் மணி நேரத்தில் கிண்டிங். சென்னைக் கிண்டிக்கு இது எந்த வகையிலும் சொந்தமில்லை. கையிலிருந்த ஐம்பத்தெட்டு யூரோ மாதச் சீட்டில் இவ்வளவும் அடக்கம். ஐசிஇ என்னும் அதிவேக ரயிலில் ஏற மட்டும் அந்தச் சீட்டு செல்லாது. ஏறத்தானே செல்லாது, பார்க்க யார் சீட்டுக் கேட்கப் போகிறார்கள்?

மலைச்சரிவுகளுக்கு நடுவே, இரண்டு சுரங்கங்களுக்கு இடையில் கிடக்கிறது நிலையம். ஓரப் பாதைகளில் வட்டார ரயில் நின்று போகும். நடுப் பாதைகள் வேகக்காரர்களுக்கு. ஒரு கண்ணாடிக் கூண்டும் ஒரு சீட்டு இயந்திரமும் தவிர வேறொன்றும் இல்லை. தேநீர்க்கடை இருக்கும் என்று நம்பி வந்தது என் முட்டாள்தனம். கிராமம் சற்றுத் தள்ளி, தன்பாட்டுக்கு ஒரு தேவாலயக் கோபுரத்தோடு இருந்தது.

முதல் ரயில் வருவதற்கு முன் சத்தம் வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ரயில்தான் முதலில் வந்தது. மேலே மின்கம்பி லேசாக முனகியது, அவ்வளவுதான் எச்சரிக்கை. வெள்ளை உடம்பும் சிவப்புக் கோடுமாக என்னவோ கடந்தது, காது அடைத்தது, மறு சுரங்கம் அதை விழுங்கிவிட்டது. மணிக்கு முந்நூறு கிலோமீட்டர். உள்ளே இருப்பவர்கள் காப்பி குடித்துக்கொண்டிருப்பார்கள். கிண்டிங் என்று ஒரு ஊர் வந்து போனதே அவர்களுக்குத் தெரிந்திருக்காது. எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

பத்தரை மணி இருக்கும். நூர்ன்பேர்க் பக்கமிருந்து வந்த வட்டார ரயில் எதிர் நடைமேடையில் இரண்டு பேரை இறக்கிவிட்டுப் போயிற்று. சிவப்புக் காஞ்சிபுரம் சேலைக்கு மேல் குளிர் அங்கி போட்ட ஒரு அம்மா, பெரிய பையோடு ஒரு ஐயா. தண்டவாளத்துக்கு அடியில் போகும் நடைபாதை வழியாக என் பக்கம் வந்தவர்கள் நேரே என்னிடம்தான் வந்தார்கள்.

"தங்கச்சி, தமிழோ?" என்றார் அந்த அம்மா.

"ஆமாங்க்கா. திருச்சி."

"பாத்தியளோ, நான் சொன்னனான்தானே" என்று கணவரைப் பார்த்து வெற்றியோடு சிரித்தார். பெயர் தவமலர். அவர் சிவநேசன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து முப்பது வருடமாகப் பிராங்பேர்ட்டில் இருக்கிறார்கள். இங்கே என்ன வேலை என்று நான் கேட்கும் முன் தவமலர் அக்காவே சொல்லிவிட்டார். "எங்கடை மகள் ஆரணி ஐசிஇ ஓட்டுறாள். பழக்கிறவர் பக்கத்திலை இல்லாமல் இண்டைக்குத்தான் முதல் முதலாத் தனிய ஓட்டுறாள். மியூனிக்கிலையிருந்து நூர்ன்பேர்க் மட்டும். இதாலைதான் போவாள்."

"அப்போ அந்த ரயில்லயே வந்திருக்கலாமே அண்ணா?" என்றேன்.

"வரக் கூடாதெண்டு போட்டாள்" என்றார் சிவநேசன் அண்ணை. "நீங்கள் பின்னாலை இருக்கிறியள் எண்டு நினைச்சா எனக்கு ஓட்டேலாது எண்டவள். நாங்கள் வீட்டிலை இருக்கிறம் எண்டுதான் நினைச்சுக்கொண்டிருக்கிறாள்."

பை திறந்தது. எவர்சில்வர் தட்டு, ஒரு வாழைப்பழம், திரி, சின்னப் போத்தலில் எண்ணெய். பழத்தை மூன்று துண்டாக நறுக்கி, ஒவ்வொன்றிலும் எண்ணெயில் நனைத்த திரியைச் செருகினார் அக்கா. ஆலாத்தி. எங்கள் பக்கத்தில் ஆரத்தி என்று மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்துச் சுற்றுவோம். இவர்கள் வழக்கம் இது.

"ஆலாத்தி எடுக்க ரெண்டு பொம்பிளையள் வேணும். கடவுள்தான் உங்களைக் கொண்டந்து விட்டிருக்கிறார்" என்றார்.

ரயிலுக்கு ஆலாத்தி! எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எங்கே நின்றால் ஓட்டுநரின் கண்ணில் படும் என்று நானே இடம் பார்த்தேன். நடைமேடை ஓரத்து வெள்ளைக் கோட்டை ஒட்டி, சுரங்க வாயைப் பார்த்தபடி. கைபேசிச் செயலியில் தேடினால் ஆரணியின் ரயில் எட்டு நிமிடம் தாமதம். ஜெர்மன் ரயில் தாமதமாகாவிட்டால்தான் செய்தி. அதற்குள் ஒத்திகை பார்க்கலாம் என்றார் அக்கா. காற்றில் திரி அணையாமல் அண்ணை அங்கியை விரித்துப் பிடித்தார். நானும் அக்காவும் தட்டை ஆளுக்கொரு பக்கம் பிடித்து உயர்த்தி, மூன்று சுடரும் ஆட, வட்டமாகச் சுற்றினோம்.

"நிப்பாட்டு!"

அண்ணை போட்ட சத்தத்தில் தட்டு என் கையிலிருந்து நழுவப் பார்த்தது. அவர் முகம் வெளிறியிருந்தது.

"இஞ்சை பார், அவள் ரயில் ஓட்டப் பழகிற அவுஸ்பில்டுங் படிக்கேக்கை குசினியிலை சோதினைக்குப் பாடமாக்கினவள் எல்லோ. நான் அகப்பையைப் பிடிச்சு ஒவ்வொரு சைகையாக் காட்ட, அவள் என்னெண்டு சொல்லுவாள். விளக்கோ, கையோ, என்ன சாமானோ, வட்டமாச் சுத்தினா என்ன எண்டவள்?"

அக்காவின் உதடு அசைந்தது. "உடனை நிப்பாட்டு."

"முன்னாலை ஆபத்து, உடனை நிப்பாட்டு. காணுறவள் யோசிக்கக் கூடாது. பிரேக்கைப் போடோணும்."

மூன்று பேரும் சுடர்களையே பார்த்துக்கொண்டு நின்றோம். நானூறு பேரோடு முந்நூறில் வரும் ரயில். முதல் நாள். சுரங்கத்தை விட்டு வெளியே வந்ததும் ஒரு சிவப்புச் சேலை நெருப்பைச் சுற்றிக்கொண்டிருந்தால் அந்தப் பெண் என்ன செய்வாள்? நின்ற பிறகு, அது என் அம்மாதான் என்று மேலதிகாரியிடம் எந்த வாயால் சொல்வாள்? அக்கா குனிந்து ஒவ்வொரு சுடராக ஊதி அணைத்தார். நல்ல நாளில் விளக்கை வாயால் ஊதக் கூடாது என்று வளர்ந்தவர் அவர். ஊதினார்.

தட்டைப் பைக்குள் வைத்தோம். கோட்டை விட்டுப் பின்வாங்கிக் கண்ணாடிக் கூண்டின் சுவரோடு போய் நின்றோம். அக்கா குளிர் அங்கியின் பொத்தான்களைக் கழுத்து வரை பூட்டிக்கொண்டார். "தூரத்திலை பாத்தா சும்மா ரயிலுக்கு நிக்கிற ஆக்கள் மாதிரி இருக்கோணும்" என்று அண்ணை மெல்லச் சொன்னார். கை காட்டக்கூட வேண்டாம் என்று முடிவாயிற்று.

மின்கம்பி முனகியது. அண்ணை பையை மார்போடு அணைத்துக்கொண்டார். அக்காவின் இரண்டு கைகளும் அங்கிப் பைகளுக்குள் இருந்தன. ரயில் வந்தது, போயிற்று. மூன்று நொடி இருந்தால் அதிகம். முன் கண்ணாடியில் வானம் தெரிந்தது, மனிதர் யாரும் தெரியவில்லை. மறு சுரங்கத்துக்குள் அது போய் மறைந்தது.

திருச்சியில் எங்கள் வீட்டின் பின்னால் எக்ஸ்பிரஸ் போகும்போது, பால்காரர் முதல் பள்ளிப் பிள்ளைகள் வரை கை காட்டாதவர் கிடையாது. கை காட்டினால்தான் பாசம் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் நூர்ன்பேர்க் பக்கம் திரும்பும் வண்டிக்கு இன்னும் நேரமிருந்தது. என் வண்டி எதிர்ப் பக்கம். போக மனமில்லாமல் அவர்களோடேயே உட்கார்ந்திருந்தேன்.

அரை மணி கழித்து அண்ணையின் கைபேசி அடித்தது. ஒலிபெருக்கியில் போட்டார்.

"அப்பா, நூர்ன்பேர்க் வந்திட்டன். வண்டியை மற்றவரிட்டைக் குடுத்திட்டன். ஒரு பிரச்சினையும் இல்லை. வழியெல்லாம் கிளியர்." ஜெர்மனியில் வளர்ந்த பிள்ளையின் தமிழ், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தது. "அம்மா எங்கை?"

"இஞ்சைதான் பிள்ளை, வீட்டிலை" என்றார் அக்கா. "சமைச்சுக்கொண்டிருக்கிறன்."

அந்த நேரம் பார்த்து எதிர்ப் பாதையில் ஒரு ஐசிஇ பாய்ந்து போயிற்று. கண்ணாடிக் கூண்டு அதிர்ந்தது.

"என்ன சத்தம்?"

"அப்பா மிக்ஸி போடுறார்."

பாவம், அந்தச் சத்தத்தை யாரிடம் மறைக்கப் பார்க்கிறார் இந்த அம்மா!

"அம்மா, கிண்டிங்கோ, அலெர்ஸ்பேர்க்கோ?" என்றாள் ஆரணி. அலெர்ஸ்பேர்க் இதே பாதையில் அடுத்த நிலையம்.

அக்கா கணவரைப் பார்த்தார். "கிண்டிங்" என்றார் சின்னக் குரலில். "பின்னுக்குத்தான் பிள்ளை நிண்டனாங்கள். சுவரோடை. ஆலாத்தித் தட்டுக் கொண்டந்தனான், ஆனா எடுக்கேல்லை."

"எடுத்திருந்தா நான் நிப்பாட்டியிருப்பன் அம்மா" என்றாள் ஆரணி. குரல் உடைந்திருந்தது.

"ஓம். அதுதான் பிள்ளை எடுக்கேல்லை."