சத்தமில்லாத அறை ஒன்று வேண்டும்

“மொட்டை மாடியில தண்ணி மோட்டார் எந்த ரூமுக்கு மேல இருக்குங்க?”

லாட்ஜுக்குப் போன் போட்டு டைம்கீப்பர் கேட்ட முதல் கேள்வி இது. மறுமுனையில் எடுத்தவர் கவுன்டர்க்காரர். வாடகையைக் கேட்பார்கள், வெந்நீரைக் கேட்பார்கள், கொசுவைக் கேட்பார்கள். மோட்டாரைக் கேட்ட ஆளை அவர் அதுவரை கண்டதில்லை போலிருக்கிறது.

“சார், உங்களுக்கு ரூம் வேணுமா, இல்ல மோட்டார் ரிப்பேர் பாக்க வர்றீங்களா?”

“ரூம்தாங்க. நானும் வீட்டுக்காரம்மாவும். ஒரு நாள். சத்தம் மட்டும் இருக்கக் கூடாது.”

“மோட்டார் பின்னாடி கிணத்தடியில கிடக்கு சார். ரூமுக்கு மேல ஒண்ணும் இல்ல, ஆகாசம்தான்.”

டைம்கீப்பர் கையிலிருந்த தாளில் அந்த லாட்ஜின் பெயருக்கு நேரே ஒரு டிக் போட்டார். அதற்கு மேலே இருந்த ஆறு பெயர்களையும் ஏற்கெனவே அடித்துவிட்டிருந்தார்.

பேருந்து நிலையத்தில் வண்டி வரும் நேரம், புறப்படும் நேரம் பார்த்து எழுதுவதும், அதை மைக்கில் சொல்வதும் அவர் வேலை. இருபத்தேழு வருடமாக அதே கூண்டு, அதே மைக். அவர் குரலை ஊரில் தெரியாதவர்கள் கிடையாது. ஆளைப் பார்த்தால் பாதிப் பேருக்கு அடையாளம் தெரியாது. கடையில் போய் “அரைக் கிலோ சர்க்கரை” என்று வாயைத் திறந்ததும், “அட, மைக் சாரா!” என்பார்கள்.

அவர் வீடு பேருந்து நிலையத்தின் பின்சுவரை ஒட்டிய சந்தில் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் கம்பம், கம்பத்தில் குழாய் ஸ்பீக்கர். ஸ்பீக்கரின் வாய் அவர்கள் படுக்கையறை ஜன்னலைப் பார்த்தே இருந்தது. காலை ஐந்து மணி முதல் மாலை வரை அவர் சொல்வதெல்லாம் நேராக அவர் வீட்டுக்குள்தான் போய் விழும்.

அந்த அறையில்தான் அவர் மனைவி பகலில் தூங்க வேண்டும். அவள் பெரியாஸ்பத்திரியில் வார்டு ஆயா. மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, பகலில் வீட்டில் ஒரு ஆள் வேண்டுமே என்று நைட் டியூட்டி கேட்டு வாங்கிக்கொண்டவள். மகள் வளர்ந்து, படித்து, கல்யாணமாகிப் போன பிறகும் டியூட்டி மாறவில்லை. காலை ஏழரைக்கு வருவாள், சமைப்பாள், பாத்திரம் கழுவிக் கவிழ்ப்பாள், ஒன்பது மணிக்குத் தலை சாய்ப்பாள். ஒன்பது மணிக்குத்தான் பேருந்து நிலையம் களைகட்டும். டைம்கீப்பர் மைக்கை விட்டு வாயை எடுக்க நேரமிருக்காது.

தன் வாய்தான் அவள் தூக்கத்துக்கு எமன் என்று அவர் நம்பினார். யாரிடமும் சொன்னதில்லை, உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. ஸ்பீக்கரைத் திருப்பச் சொல்லி மேலே மூன்று தடவை எழுதிப் போட்டார். ஒரு தடவை திருப்பினார்கள். டீக்கடைக்காரர் சண்டைக்கு வந்ததும் பழையபடி வைத்துவிட்டார்கள். பிறகு ஒன்பது மணிக்கு மேல் குரலைத் தணித்துச் சொல்லிப் பார்த்தார். “என்ன சார், மைக்ல ரகசியம் பேசறீங்க? வண்டி போறது எங்களுக்குத் தெரியக் கூடாதா?” என்று பயணிகள் கூண்டுக்கே வந்து கேட்டார்கள்.

அவள் ஓய்வு பெறும் மாதம் நெருங்கியது. ஒரு சங்கிலி வாங்கிக் கொடுங்கள் என்றாள் மகள். டைம்கீப்பர் மனதில் வேறு இருந்தது. ஒரே ஒரு நாள், எழுப்ப ஆளில்லாமல், தானாகக் கண் விழிக்கும்வரை அவள் தூங்க வேண்டும். அவ்வளவுதான். அதை வீட்டில் வைத்துக் கொடுக்க முடியாது. சிலிண்டர்க்காரர் வருவார், “அக்கா, இந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா?” என்று பக்கத்து வீட்டிலிருந்து வருவார்கள். தெரிந்த முகமே இல்லாத இடம் வேண்டும். மூன்று மணி நேரப் பயணத்தில் பெருநகரம் இருந்தது. அங்கே கையைக் கடிக்காத ஒரு லாட்ஜ், அதில் ஓர் அறை.

இந்த ரகசியம் ஒருவருக்கு மட்டும் தெரியும். நகரத்துக்குப் போகும் வண்டியின் கண்டக்டர். யார் பணம் நீட்டினாலும் சில்லறை இல்லை என்பதால் அவருக்குச் சில்லறை என்றே பெயராகிவிட்டது. நகரத்தில் வண்டி இரண்டு மணி நேரம் நிற்கும். அந்த நேரத்தில் சில்லறை லாட்ஜ் லாட்ஜாக ஏறி இறங்கினார்.

“அண்ணே, ஸ்டேஷன் பக்கம் ஒண்ணு பாத்தேன். ரூம் பளிச்சுனு இருக்கு. ஆனா கீழ பாத்திரக் கடை.”

“அடி.”

“மார்க்கெட்டுக்குப் பின்னாடி ஒண்ணு. வாடகை கம்மி. காலையில அஞ்சு மணிக்கு லாரியில மூட்டை எறக்கறான்.”

“அடி அதையும்.”

“ஏண்ணே, அண்ணிக்கு ரூம் பாக்கறீங்களா, இல்ல ஏதாவது சாமியாருக்கு குகை பாக்கறீங்களா?”

டைம்கீப்பர் சிரிக்கவில்லை. எதையும் அட்டவணை போட்டுப் பார்த்தே பழகியவர். நுழைவுத் தேர்வு நடக்கும் நாட்களில் லாட்ஜுகளில் வராந்தாவிலும் மாணவர்கள் படித்துக்கொண்டிருப்பார்கள். அந்தத் தேதிகள் வேண்டாம். கல்யாண சீசன் வேண்டவே வேண்டாம். மழை மாதத்தில் ஊர் சுற்ற யாரும் வர மாட்டார்கள், வாடகை பாதியாகும், அறைகளும் காலியாகக் கிடக்கும். நல்லவேளையாக அவள் ஓய்வு பெறுவதும் மழை மாதத்தில்தான். அடுத்தது செக்-அவுட். பகல் பன்னிரண்டுக்குக் காலி செய்யச் சொல்லும் லாட்ஜ் ஆகாது. பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தால், அவள் கண் அசரும் நேரத்தில் வந்து கதவைத் தட்டுவார்கள். இருபத்துநாலு மணி நேரக் கணக்குள்ள லாட்ஜ்தான் வேண்டும்.

எல்லாம் ஒத்து வந்தது அந்தக் கிணற்றடி மோட்டார் லாட்ஜுக்குத்தான். அப்படியும் மனது கேட்காமல், விடுப்பு போட்டு சில்லறையின் வண்டியிலேயே ஏறிப் போய்ப் பார்த்தார். குறுகலான தெரு, பாசி படர்ந்த மதில், இரண்டு மாடி. பின்பக்கக் கடைசி அறையைத் திறந்து காட்டினார் கவுன்டர்க்காரர். டைம்கீப்பர் ஜன்னலைப் பார்க்கவில்லை, குழாயைத் திறக்கவில்லை. மெத்தையில் படுத்து, கைக்கடிகாரத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, பதினைந்து நிமிடம் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தார்.

“சார், பாக்க வந்தீங்களா, தூங்கவே வந்தீங்களா?” என்றார் கவுன்டர்க்காரர், வாசலில் நின்றபடி.

“உஷ்” என்றார் டைம்கீப்பர்.

பதினைந்து நிமிடத்தில் எங்கோ ஒரு காகம் ஒரு தடவை கரைந்தது. வேறொன்றும் இல்லை. எழுந்து மின்விசிறியை ஒவ்வொரு எண்ணாக வைத்துப் பார்த்தார். மூன்றில் கிறீச்சிட்டது, நான்கில் இல்லை. “நாலுலயே இருக்கட்டும். பக்கத்து ரூமை அன்னிக்கு யாருக்கும் குடுக்காதீங்க. கதவை யாரும் தட்டக் கூடாது, டீ கீ வேணுமான்னுகூட.”

“நான் செருப்பைக் கழட்டிட்டே நடக்கறேன் சார், போதுமா?” என்றார் அவர். ஆனால் லெட்ஜரில் எழுதிக்கொண்டார்.

கடைசி நைட் டியூட்டி முடிந்த காலையில், ஆஸ்பத்திரி வாசலில் பையோடு நின்றிருந்தார் டைம்கீப்பர். அவள் கையில் ஒரு பெரிய பார்சலோடு வந்தாள். வார்டில் எல்லோரும் சேர்ந்து சுவர்க் கடிகாரம் கொடுத்திருந்தார்கள்.

“என்னங்க இது, வீட்டுக்குப் போகாம எங்க?”

“வா, சொல்றேன்.”

“கழுத்தறுக்கப் போறீங்களா, கண்ணைக் கட்டின மாதிரி கூட்டிட்டுப் போறீங்க?”

“வண்டியில ஏறும்மா முதல்ல.”

வண்டியில் தூங்குவாள் என்று பார்த்தார். அவள் கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு, யார் அழுதார்கள், டாக்டர் என்ன சொன்னார் என்று வழி முழுக்கப் பேசினாள். சில்லறை தன் இருக்கையிலிருந்து திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார்.

அறைக்குள் நுழைந்தபோது மணி பத்தேகால். வெளியே மழை விட்டிருந்தது, காற்று பிசுபிசுத்தது. விசிறியை நான்கில் வைத்தார். கடிகாரம் டிக் டிக் என்றது. பார்சலைப் பிரித்து பாட்டரியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். தன் கைக்கடிகாரத்தையும் கழற்றித் துணிப்பைக்குள் வைத்தார். பிறகு விஷயத்தைச் சொன்னார்.

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “தூங்கறதுக்கா? தூங்கறதுக்கு யாராவது காசு குடுத்து ஊர் விட்டு ஊர் வருவாங்களா?” என்றாள். ஆனாலும் செருப்பைக் கழற்றினாள். முகம் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு படுத்தாள். அவர் நாற்காலியைக் கதவருகில் போட்டுக் காவல் உட்கார்ந்தார்.

அரை மணி நேரம். ஓர் இலை அசையும் சத்தம்கூட இல்லை. தான் நினைத்தபடியே எல்லாம் அமைந்துவிட்டது என்று அவருக்கு நெஞ்சு நிறைந்தது.

“ஏங்க.”

தூக்கிவாரிப்போட்டது. “என்னம்மா? கொசுவா?”

“இல்ல. தூக்கம் வரல.”

“புது இடம். கண்ணை மூடு, வந்துடும்.”

“மூடிட்டுத்தான் கெடக்கேன். ஒரு சத்தமும் இல்லையே, பயமா இருக்குங்க. வார்டுல ஒரு பெட்ல திடீர்னு சத்தம் நின்னுச்சுன்னா நான் எந்திரிச்சு ஓடுவேன். இங்க எல்லா பெட்லயும் நின்ன மாதிரி இருக்கு.”

டைம்கீப்பர் நாற்காலியை விட்டு எழுந்தார். மூன்று மாதம் தேடிய அமைதி. “முன்பக்கம் ரூம் கேக்கட்டுமா? தெருச் சத்தம் இருக்கும்” என்றார்.

அவள் ஒருக்களித்துப் படுத்து அவரைப் பார்த்தாள். “ஒம்பதேகால் வண்டியில இருந்து சொல்லுங்க.”

“என்னது?”

“வண்டிதான். மைக்ல சொல்ற மாதிரி.”

“விளையாடாத. நான்தான் உன் தூக்கத்தைக் கெடுத்தேன்னு இத்தனை வருஷமா...”

“நீங்களா கெடுத்தீங்க?” அவள் எழுந்தே உட்கார்ந்துவிட்டாள். “ஞாயித்துக்கிழமை உங்களுக்கு லீவு. மைக்ல வேற ஆள் பேசுவாரு. அன்னிக்குத்தான் எனக்குப் பொட்டுத் தூக்கம் இருக்காது. அந்த மனுஷன் எந்த வண்டிய விட்டாரு, எதை மாத்திச் சொன்னாருன்னு பாத்துக்கிட்டே கெடப்பேன். உங்க குரல் வந்துச்சுன்னா, சரி, எல்லாம் அதது நேரத்துக்குப் போகுதுன்னு தூங்கிடுவேன்.”

“ஒரு நாள்கூட நீ சொன்னதில்லையே.”

“நீங்க கேட்டாத்தானே? லாட்ஜ்காரன்கிட்ட ஆயிரம் கேள்வி கேக்கத் தெரியுது.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். வாசலைப் பார்த்தார். “பக்கத்து ரூம்ல யாருக்காவது கேட்டா சிரிப்பாங்கம்மா.”

“அதைத்தான் காலியா வைக்கச் சொல்லிட்டீங்களே. சொல்லுங்க.”

நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். மைக் இல்லாமல் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் முழங்கால்மீது வைத்துக்கொண்டார். தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். ஒன்பதேகால், இரண்டாம் பிளாட்பாரம், காலேஜ் வழி. ஒன்பதரை, மில் வழி. ஒன்பது நாற்பது, ஆற்றுப்பாலம் வழி, நின்று செல்லும். தாள் எதுவும் வேண்டியிருக்கவில்லை. அவள் படுத்துக் கண்ணை மூடினாள். பத்தரை வண்டியைச் சொல்லி, பதினொன்றைச் சொன்னார்.

“பத்தே முக்கால் ரயில்வே கேட் வண்டிய விட்டுட்டீங்க” என்றாள், கண்ணைத் திறக்காமல்.

“பத்தே முக்கால், மூன்றாம் பிளாட்பாரம், ரயில்வே கேட் வழி” என்று திருத்திச் சொன்னார்.

சாயங்கால வண்டிகள் வரை முடித்துவிட்டு மறுபடி காலையிலிருந்து தொடங்கினார். இந்தத் தடவை வேண்டுமென்றே பத்தே முக்காலை விட்டார். நிறுத்திக் காத்திருந்தார். பதில் இல்லை. குனிந்து பார்த்தார். வாய் லேசாகத் திறந்து, கன்னத்தில் கை வைத்து, அவள் தூங்கிப்போயிருந்தாள்.

நிறுத்தினால் விழித்துவிடுவாளோ என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். பகல் சாப்பாட்டுக்குப் போகவில்லை. தொண்டை கட்டியது, சொம்பிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார். அவள் தானாகக் கண் விழித்தபோது வெளியே மறுபடி மழை பெய்துகொண்டிருந்தது. “மணி என்னங்க?” என்றாள். சுவர்க் கடிகாரத்தின் பாட்டரி அவர் சட்டைப்பையிலும், கைக்கடிகாரம் துணிப்பைக்குள்ளும் கிடந்தன. “தெரியாது” என்றார், அந்த மனிதர் வாழ்க்கையில் முதல் தடவையாக.

கீழே இறங்கியபோது கவுன்டர்க்காரர் கேட்டார்: “சத்தம் கூடாதுன்னீங்களே சார், உள்ள ரேடியோ ஓடுன மாதிரி இருந்துச்சு?”

“பழைய ரேடியோங்க” என்றாள் அவள். “ஒரே ஸ்டேஷன்தான் வரும்.”

மூன்று வருடம் கழித்து, அவள் வேலை பார்த்த அதே வார்டில், ஜன்னலோரக் கட்டிலில் அவளைச் சேர்த்தார்கள். டைம்கீப்பரும் அப்போது ஓய்வு பெற்றிருந்தார். வலி மருந்து வேலை செய்யாத நேரத்தில் அவள் அவரைப் பார்ப்பாள். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆரம்பிப்பார். பக்கத்துக் கட்டில்காரர்கள் முதலில் விசித்திரமாகப் பார்த்தார்கள். பிறகு பழகிவிட்டது. “மைக் சார், கொஞ்சம் சத்தமா சொல்லுங்க, எங்களுக்கும் கேக்கட்டும்” என்றாள் எதிர்க் கட்டில் அம்மா.

தினமும் பத்தே முக்காலை விடுவார். அவளுக்குப் பேச முடியாமல் போன பிறகும், போர்வைக்கு மேலே ஆட்காட்டி விரல் மெல்ல எழும். உடனே திருத்திச் சொல்வார். விரல் எழாவிட்டால் தூங்கிவிட்டாள் என்று அர்த்தம்.

கடைசி நாள் காலையிலும் ஒன்பதேகாலில் தொடங்கினார். மகள் கால்மாட்டில் நின்றிருந்தாள். பத்தரை வண்டி போனது. அவர் அந்த விரலைப் பார்த்தார். விட்டுப் பார்க்க மனம் வரவில்லை.

“பத்தே முக்கால், மூன்றாம் பிளாட்பாரம், ரயில்வே கேட் வழி” என்று நிதானமாகச் சொல்லிவிட்டு, பதினொரு மணி வண்டிக்குப் போனார்.