மாஸ்டர் மேல் மட்டும்

பாறையை ஒட்டிய குழி வந்ததும் டைவிங் மாஸ்டர் கடலடி மணலில் மண்டியிட்டுவிடுவார். பின்னால் நீந்தி வருகிறவர்களைக் கையமர்த்தித் தள்ளி நிறுத்துவார். குழிக்குள் ஆக்டோபஸின் கண் மட்டும் தெரியும். கொஞ்ச நேரம் அதுவும் இவரும் பார்த்துக்கொள்வார்கள். பிறகு அதன் உடம்பு கருக்கும். கைகளுக்கடியில் மணலையும் உடைந்த கிளிஞ்சலையும் வாரிச் சேர்த்து, உடம்பிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சி ஒரே தள்ளாகத் தள்ளும். அத்தனையும் மாஸ்டர் முகத்தில். சுற்றி எத்தனை பேர் நின்றாலும் அவர்கள் மேல் ஒரு துகள் படாது.

கடலுக்கடியில் சிரிக்கக் கூடாது, முகக்கண்ணாடிக்குள் தண்ணீர் ஏறிவிடும் என்று கரையிலேயே சொல்லித்தான் கூட்டிப்போவார். ஆனாலும் சிரிப்பார்கள். அதைப் பார்க்கவே ஆள் வருகிறது.

"என்ன மாஸ்டர், இன்னைக்கும் பூசை கிடைச்சுதா?" என்பார் படகோட்டி, இவரைக் கைகொடுத்துத் தூக்கியபடி.

"கிடைச்சுதுய்யா, வயிறாரக் கிடைச்சுது."

"போன ஜென்மத்துல அதுக்கு நீங்க மாமியாரா இருந்திருப்பீங்க."

மாஸ்டருக்குத் தொப்பை. ரப்பர் உடுப்பை ஏற்றுவதற்குள் கப்பலைக் கரையில் இழுக்கிற மாதிரி மூச்சு வாங்குவார். தண்ணீருக்குள் போய்விட்டால் மீன் தோற்றது. பேச்சு குறைவு. கீழே கையால் பேசிப் பேசி மேலேயும் அதே பழக்கம். மருந்துக்கடைக்காரர் மீதிச் சில்லறை கொடுத்தால் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வளையமாக்கிக் காட்டிவிட்டுப் போவார். தெருவில் யாரோடு நடந்தாலும் நாலடிக்கு ஒருமுறை திரும்பி, கூட வந்தவர் இருக்கிறாரா என்று பார்த்துக்கொள்வார். தெரியாதவர்களுக்கு எரிச்சலாக இருக்கும். தெரிந்தவர்கள் ஒன்றும் சொல்வதில்லை.

ஆக்டோபஸுக்கு ஆயுசு கொஞ்சம். அந்தக் குழியில் இப்போது இருப்பது மூன்றாவது குடித்தனம். முதலாவது செத்து, இரண்டாவது வந்து, அதுவும் போய் இது வந்திருக்கிறது. சொல்லிவைத்த மாதிரி மூன்றும் இவரைத்தான் அடித்தன. ஒருமுறை வந்திருந்த விலங்கியல் பேராசிரியர், "நீங்கதான் சார் எல்லாரையும் விடக் கிட்டப் போறீங்க. அதான் உங்களை மட்டும் எறியுது. கொஞ்சம் தள்ளி இருந்து பாருங்களேன்" என்றார். மாஸ்டர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். மறுநாள் இன்னும் ஒரு முழம் கிட்டப் போனார்.

அந்தக் குழிக்குப் பக்கத்தில்தான் தங்கை புருஷனை விட்டுவிட்டு வந்தார். அன்றைக்குக் கலங்கல் தண்ணீர். இருவரும் ஜோடியாக இறங்கினார்கள். ஜோடி பிரியக் கூடாது என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. மேலே ஏறும்போது பக்கத்திலேயே மூச்சுக்குமிழிகள் வந்துகொண்டிருந்தன. மாப்பிள்ளை வருகிறார் என்று இருந்துவிட்டார். குமிழியைப் பார்த்தாரே ஒழிய ஆளைப் பார்க்கவில்லை. தலையை வெளியே நீட்டிப் பார்த்தால், குமிழிக்குச் சொந்தக்காரர் வேறு படகில் வந்த யாரோ ஒருவர். மாப்பிள்ளை கீழே, அறுந்து கிடந்த பழைய வலைக்குள் இருந்தார். இவர் திரும்பப் போய் அவிழ்த்தபோது மூச்சில்லை.

தங்கைதான் கரையில் கம்ப்ரசர் அறையைப் பார்த்துக்கொள்கிறாள். அவள் சிலிண்டரில் அடைத்துக் கொடுக்கிற காற்றைத்தான் மாஸ்டர் இன்றுவரை கீழே போய்ச் சுவாசிக்கிறார். மற்றவர்களுடைய சிலிண்டரை ஒருமுறை சரிபார்ப்பாள், அண்ணனுடையதை இரண்டுமுறை. அந்தச் சாவைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. விசாரிக்க வந்தவர்களிடமும் "விபத்துங்க" என்றதோடு சரி. அவள் தலைவிரிகோலமாக வந்து சட்டையைப் பிடித்து உலுக்கியிருந்தால் இவர் பிழைத்திருப்பார். அந்தப் பெண்ணின் அமைதி மனுஷனை அரித்துத் தின்றுகொண்டிருந்தது.

"பாப்பா, அன்னைக்கு நான் திரும்பிப் பார்த்திருந்தா..." என்று எத்தனையோ முறை ஆரம்பித்திருக்கிறார்.

"சாப்பாடு ஆறுது அண்ணே" என்பாள்.

போன வாரம் ஒரு விருந்தினர் கீழே எடுத்த வீடியோவைக் கம்ப்ரசர் அறைக்குக் கொண்டுவந்து செல்போனில் காட்டினார். "மேடம், உங்க அண்ணன் அடி வாங்கறதைப் பாருங்க!" தங்கை பார்த்தாள். மறுபடியும் போடச் சொல்லிப் பார்த்தாள். மணல் வருகிறது என்று தெரிந்ததும் மற்றவர்கள் விலகுகிறார்கள். அண்ணன் மட்டும் இரண்டு கையையும் தொடைமேல் வைத்து, தலையைக் குனிந்து கொடுக்கிறார்.

விருந்தினர் போனதும் கேட்டாள்: "அதுகிட்ட போய் வாங்கிக்கிறியா?"

மாஸ்டர் காலி சிலிண்டர்களை ஓரமாக அடுக்க ஆரம்பித்தார்.

"நாளைக்கு நானும் வர்றேன்."

புருஷன் இருந்தவரை அவளும் கூட இறங்கியவள்தான்; அவர் போனதிலிருந்து தண்ணீரில் காலை நனைத்ததில்லை. மறுநாள் உடுப்பைப் போட்டுக்கொண்டு படகில் வந்து உட்கார்ந்தபோது படகோட்டிக்குக்கூட நக்கல் வரவில்லை. இறங்கும்போது மாஸ்டர் ஒவ்வொரு உதைப்புக்கும் திரும்பிப் பார்த்தார். வந்துகொண்டிருந்தாள்.

குழி வாசலில் மண்டியிட்டார். அவள் பக்கத்தில் மண்டியிட்டாள். ஆக்டோபஸ் கண்ணை மட்டும் காட்டிக்கொண்டு கிடந்தது. கருக்கவில்லை, எதையும் வாரவில்லை. மாஸ்டர் இன்னும் நகர்ந்தார். குழியின் விளிம்பில் கண்ணாடி இடிக்கிற அளவுக்குப் போய்த் தலையைக் குனிந்தார். அது ஒரு கையால் பெரிய கிளிஞ்சல் ஒன்றை இழுத்து வாசலை அடைத்துக்கொண்டது.

குனிந்த தலையை அவர் நிமிர்த்தவே இல்லை. தங்கை அவர் தோளைத் தொட்டுத் தன் பக்கம் திருப்பினாள். கீழே கையை விட்டு மணலை அள்ளினாள். அவர் முகத்தில் எறிந்தாள்.

தண்ணீரில் வீசிய மணலுக்கு வேகம் ஏது? புகை மாதிரி எழுந்து கண்ணாடியை மறைத்தது. அது அடங்குவதற்குள் அவள் இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டிருந்தாள்.