அமெரிக்கன் பகுதியில் ஒரு கதவு

மாஸ்டரின் முதுகுதான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது. சாரத்துக்கு மேல் தடித்த கம்பளிச் சட்டை போட்ட முதுகு. என் அறைக் கதவு சாத்தப்படும்வரை அதன் இடுக்கு முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்றது.

எண்பதுகளின் நடுப்பகுதி. மேற்கு பேர்லினில், நொய்கெல்னில், அகதிகள் விடுதி ஒன்று. மனைவி கிழக்கு பேர்லின் பக்கத்தால் ரயிலேறி வந்து காய்ச்சலோடு படுத்திருந்தாள். அவளுக்கு இன்னும் அகதிப் பதிவு இல்லை. பதியும் முன் பிடிபட்டால் வந்த வழியே திருப்பிவிடுவார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். பொலிஸ் வந்தால் விடுதிப் பொறுப்பாளர் தன்னிடமிருந்த, எல்லாப் பூட்டுக்கும் பொருந்தும் பொதுத் திறப்பால் கேட்டுக் கேள்வியில்லாமல் அறைகளைத் திறந்துவிடுவார். முருகன் படத்துக்கு முன்னால் இருப்பேன், மனம் நிற்காது, எழும்பி யன்னலால் எட்டிப் பார்ப்பேன்.

மாஸ்டர் ஊரில் சரித்திரம் படிப்பித்தவர். குசினியில் உருளைக்கிழங்கு உரித்தபடி அமெரிக்கக் கதை சொல்லுவார். இங்கிலீஸ் ராசாவின் ஆட்சியில் உத்தியோகத்தர்கள் நினைத்த வீட்டுக்குள் புகுந்து தேடினார்களாம். பிறகு சொந்தமாக அரசியல் சட்டம் எழுதியும் சனங்களுக்கு மனம் ஆறவில்லையாம். தனி மனிதனுக்குக் காவல் எங்கே என்று கேட்டு, நீதவானின் கட்டளை இல்லாமல் வீடு தேடக்கூடாது என்று சேர்ப்பித்தார்களாம்.

"அதை எங்கட ஆமிக்குச் சொல்லுங்கோ மாஸ்டர்" என்றேன்.

"சொல்ல ஏலாதெண்டுதானே இங்க வந்து கிழங்கு உரிக்கிறன். ஆனா இது உலக யுத்தம் முடிய அமெரிக்கன் பொறுப்பெடுத்த பகுதி. றோட்டில போர்ட்டே போட்டிருக்கிறான். அவன்ர இடத்தில அவன்ர சட்டம்தானே?"

எங்களுக்கும் அது சரியாகவே பட்டது.

பொலிஸ் வந்த காலை, மாஸ்டர் ஓடிவந்து கதவை இழுத்துச் சாத்திவிட்டு வெளியில் நின்றார். நீதவானின் கட்டளை எங்கே என்று இங்கிலீசில் கேட்டது உள்ளே கேட்டது. அமெரிக்கச் சட்டத்தையும் சொன்னார். ஒரு இளம் குரல் சிரித்தது. "இது பேர்லின். அந்தச் சட்டம் அமெரிக்காவில்" என்றது. மாஸ்டர் அசையவில்லை. "அப்ப உங்களிட்ட அப்பிடி ஒண்டும் இல்லையா?" என்று கேட்டார். சிரிப்பு நின்றது. வயதான குரலொன்று ஜெர்மனில் ஏதோ சொன்னது. பொறுப்பாளரின் திறப்புக் கொத்து குலுங்கி அடங்கியது.

பிறகு கதவைத் தட்டினார்கள்.

எனக்குக் கை எழவில்லை. மனைவிதான் திருநீறு பூசிக்கொண்டு எழும்பினாள். "திறவுங்கோ. கேட்டுக்கொண்டெல்லோ நிக்கினம்."

அன்றைக்கே அவளைப் பதிவுக்குக் கூட்டிப்போனார்கள். என்னையும் வரவிட்டார்கள். திருப்பி அனுப்பவில்லை, முருகன் கைவிடவில்லை.

பின்னேரம் மாஸ்டர் குசினியில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். "பிழையா விளங்கிக்கொண்டு நிண்டிட்டன் தங்கச்சி. இல்லாத சட்டத்தையெல்லோ கதைச்சிருக்கிறன்."

மனைவி தேத்தண்ணியை அவருக்கு முன்னால் வைத்தாள். "பிழையெண்டாலும் தட்டினவங்கள்தானே மாஸ்டர்."

கொஞ்சக் காலத்தில் அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். பிறகு காணவில்லை. இன்று எங்களுக்குச் சொந்தமாக வீடு இருக்கிறது, குடியுரிமை இருக்கிறது. ஆனாலும் வாசல் மணி அடித்தால் நான் எழும்பி யன்னலால் எட்டிப் பார்ப்பேன். சாமியறைக்குள் போய் நிற்பேன். மனைவிதான் போய், யாரென்று கேட்டுத் திறக்கிறாள்.