பதினைந்து டாலர் சீமாட்டி

வெர்னா புருவிட்டை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். பெரிய விருந்துக்குள் கதாநாயகன் நுழைவான். அவன் தோளுக்குப் பின்னால் கறுப்பு வெல்வெட் கவுன் போட்ட ஒருத்தி விசிறியை மடக்கிக்கொண்டே திரும்பிப் பார்ப்பாளே, அவள்தான். எட்டு வருஷத்தில் அறுபது படம், ஒன்றில்கூடப் பேர் வந்ததில்லை. ஹாலிவுட்டில் கோடீஸ்வரி வேஷத்துக்கு நிற்க எங்களைப் போல் நூறு பேர் இருந்தோம். அவளை மாதிரி நிற்க ஒருத்திக்கும் வராது. நெப்ராஸ்காவில் பன்றிப் பண்ணையில் பிறந்தவள் என்று நானே சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள்.

கூட்டத்தில் நிற்கிற எங்களுக்குள்ளும் மேல் கீழ் உண்டு. சொந்தமாக விருந்து உடுப்பு வைத்திருந்தால் நாளைக்குப் பதினைந்து டாலர். இல்லையென்றால் தெருவில் போகிறவளாக நிற்கவேண்டியதுதான், அதற்கு ஐந்து. அதனால் அந்தக் கவுன்தான் அவளுக்குச் சோறு போட்டது. நானும் அவளும் ஒரே அறையில் இருந்தோம். இருந்த ஒரே அலமாரியில் கவுன் குடியிருந்தது; எங்கள் மற்ற துணியெல்லாம் ஆணியில் தொங்கும்.

"உன் கவுனுக்கு இருக்கற மரியாத எனக்கு இல்லியாடி?" என்று கத்துவேன்.

"அது சம்பாதிக்குது மர்டில். நீ பீன்ஸ் தின்னுட்டுத் தூங்கற" என்பாள். மறுநாள் தன் பங்குப் பீன்ஸில் பாதியை என் தட்டில் தள்ளுவாள். அப்படிப்பட்டவள்.

கூட்டத்தில் அவளுக்கு ஜோடி லோவெல் ஸ்காக்ஸ். நெட்டையான ஆள். காலையில் லாண்டரி வண்டி ஓட்டுவான், கூப்பிட்டால் பின்னால் வால் தொங்கும் விருந்துக் கோட்டை மாட்டிக்கொண்டு வருவான். கோட்டுக்குள்ளே இருக்கும் வெள்ளைச் சட்டைக்கு முன்பக்கம் மட்டும்தான் உண்டு. உயரம் பொருந்துகிறது என்று இவர்கள் இரண்டு பேரையும் எப்போதும் பக்கத்தில் பக்கத்தில்தான் நிறுத்துவார்கள்.

பேசும் படம் வந்ததிலிருந்து எங்களுக்கு வாய்ப்பூட்டு. மைக் எதையும் பிடித்துவிடும். அதனால் உதடு மட்டும் அசைய வேண்டும், குரல் வரக்கூடாது. ஆளாளுக்குக் கடைச் சாமான் பட்டியலையோ ஏ, பி, சி, டியையோ உதட்டால் சொல்லிக்கொண்டிருப்போம். லோவெல் மட்டும் கேமரா ஓடும் ஒவ்வொரு டேக்கிலும், "என்னக் கட்டிக்கிறியா?" என்பான். வெர்னா சீமாட்டிச் சிரிப்போடு, "மூஞ்சியப் பாரு" என்று உதட்டாலேயே பதில் சொல்வாள். பன்னிரண்டு டேக் போனால் பன்னிரண்டு தடவை கேட்பான். விளக்கை அணைத்ததும் ஆளே மாறிவிடுவான். "இன்னிக்கு நல்ல வெயில், இல்ல?" என்று தரையைப் பார்த்துக்கொண்டு பேசுவான். கையில் காசில்லாதவனுக்கு வாய்விட்டுக் கேட்க உரிமையில்லை என்று அவனுக்கு ஒரு நினைப்பு. மூன்று வருஷம் இப்படியே ஓடிற்று. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முப்பத்தாறாம் வருஷம் மிஸ்டர் கெஸ்ஸிங் வந்தார். தயாரிப்பாளரின் சிநேகிதர், மனைவியை இழந்தவர். ரிவர்சைடில் ஆரஞ்சுத் தோட்டம், பாசடீனாவில் பதினொரு அறை வீடு. படப்பிடிப்பு பார்க்க வந்தவர் வெர்னாவைப் பார்த்தார், பூ அனுப்பினார். முறையாகக் கேட்டார்: கல்யாணம் செய்துகொள்ள விருப்பமா, வெள்ளிக்கிழமைக்குள் சொன்னால் போதும். அவரிடம் ஒரு குறையும் இல்லை. குறை கண்டுபிடிக்க நான் முயன்றும் பார்த்தேன்.

"பதினோரு ரூம்டி! கவுனுக்கே தனியா ஒரு ரூம் குடுக்கலாம். சரின்னு சொல்லித் தொல."

அவள் கவுனின் ஓரத்தைத் தைத்துக்கொண்டே, "லோவெல் இன்னும் வாயத் தெறந்து ஒரு வார்த்த சொல்லல, மர்டில்" என்றாள். "சொன்னா போதும். சொல்லலேன்னா நானும் எத்தன நாளைக்குத்தான் ஊமக் கல்யாணத்துக்குக் காத்திருப்பேன்?"

அந்த வாரம் எடுத்த படமும் இதே கதைதான். பணக்காரப் பெண் ஒருத்தி, பணக்கார மாப்பிள்ளையை மணமேடையில் விட்டுவிட்டு பத்திரிகைக்காரன் பின்னால் ஓடுகிறாள். அதை எழுதியவருக்கு வாரம் ஆயிரம் டாலர் என்று கேள்வி. பணம் பெரிதில்லை என்று எழுத அவ்வளவு பணம் தேவைப்படுகிறது.

வெள்ளிக்கிழமை அந்தக் கல்யாணக் காட்சி. தேவாலய செட் போட்டு, நிஜ லில்லிப் பூ வைத்து, எங்களில் இருநூறு பேரை விருந்தாளிகளாக நிறுத்தியிருந்தார்கள். தயாரிப்பாளர் பக்கத்து நாற்காலியில் மிஸ்டர் கெஸ்ஸிங். டேக் ஆரம்பித்தது. நான் பின்வரிசையில் இருந்து லோவெலின் உதட்டைப் பார்த்தேன். அன்றைக்கு அவன் வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை.

"அவரையே கட்டிக்கோ. நல்லா இருப்ப" என்றது உதடு.

"போடா கோழைப் பயலே!" என்றாள் வெர்னா. குரலோடு.

மேடையில் மணப்பெண்ணே திரும்பிப் பார்த்தாள். டைரக்டர் தொப்பியைத் தரையில் அடித்தார். "யாரது?" என்று அசிஸ்டெண்ட் கத்தினான். யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. "சொல்லலேன்னா அந்த வரிசை மொத்தமும் சம்பளம் இல்லாம வீட்டுக்குப் போகலாம்!"

அந்த வரிசையில் பால் குடிக்கிற பிள்ளை வைத்திருந்தவர்கள் இருந்தார்கள். அவன் சொல்லி முடிப்பதற்குள் வெர்னா வெளியே வந்து நின்றாள். "நான்தான் சார்." அறுபது படத்தில் அவள் அப்படி நிமிர்ந்து நின்று நான் பார்த்ததில்லை.

"கெளம்பு. இனிமே உன் பேரு எந்த லிஸ்ட்லயும் இருக்காது" என்றான் அசிஸ்டெண்ட்.

மிஸ்டர் கெஸ்ஸிங் எழுந்து வந்தார். "மிஸ் புருவிட், நான் ஒரு வார்த்தை சொன்னா இதெல்லாம் சரியாயிடும். நீங்க எனக்கு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"உங்களுக்கு ரொம்பப் பெரிய மனசு" என்றாள் அவள் மெதுவாக. "ஆனா நான் வேற ஒருத்தர் வாயிலருந்து வரவேண்டிய வார்த்தைக்குக் காத்திருக்கேன். வராட்டியும் பரவால்ல. உங்கள ஏமாத்தக் கூடாது." அவர் தலை வணங்கிவிட்டுத் தன் இடத்துக்குப் போனார். நல்ல மனுஷர்.

அடுத்த டேக்குக்கு மணி அடித்தது. மணி அடித்துவிட்டால் கதவைத் திறக்க முடியாது, மூச்சுகூடச் சத்தமாக விடக்கூடாது. வெளியே போகவும் வழியில்லாமல் வெர்னா கதவோரம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். கேமரா ஓட ஆரம்பித்தது.

லோவெல் வரிசையை விட்டு நகர்ந்தான். நடுப்பாதையில், மணப்பெண்ணைத் தாண்டி, கேமராவைத் தாண்டி நடந்தான்.

"வெர்னா!" தேவாலயமே அதிர்ந்தது. "என்கிட்ட ஒண்ணும் கெடையாது. அந்த வண்டிகூட என்னுது இல்ல. என்னக் கட்டிக்கிறியா?"

அவள் திரும்பினாள். முகமெல்லாம் கண்மை வழிந்திருந்தது. "மூணு வருஷமா எங்கடா வெச்சிருந்த இந்தக் குரல? கட்டிக்கிறேன்."

டைரக்டர் கேமராவை நிறுத்தச் சொல்லவே மறந்துவிட்டார். அப்போது இருநூறு பேரும் கைதட்டினார்கள். மணி அடித்துவிட்டதே, உள்ளங்கை ஒன்றோடொன்று படாமல், எங்கள் வழக்கப்படி, துளிச் சத்தம் இல்லாமல் தட்டினார்கள். பதினொரு அறையைக் கட்டிக்கொள்ளச் சொன்னவள் நான்தானே. என்னால் பொறுக்க முடியவில்லை. இரண்டு கையையும் சேர்த்து, பலம்கொண்ட மட்டும் தட்டினேன்.

அன்றைக்கு மூன்று பேருக்குச் சம்பளம் இல்லை.